பனிக்கு அடியில் போன திமிங்கலங்கள்: வடக்கு அலாஸ்காவில் ஒரு கணக்கெடுப்பு திருத்தப்பட்ட நிகழ்வு

வடக்கு அலாஸ்காவில் போஹெட் என்ற திமிங்கல இனத்தின் எண்ணிக்கையைக் குறைத்துக் கணித்தார்கள். அந்தக் கணக்கின் பேரில் ஒரு மக்களின் உணவு வேட்டைக்கே தடை வந்தது. பிறகு அதே மக்கள் சொன்னதைச் சோதித்துப் பார்த்து, கணக்கைத் திருத்தினார்கள். வடதுருவப் பகுதியில் ஆய்வாளர்களும் பழங்குடி மக்களும் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நிகழ்வை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் 'பழங்குடி அறிவு வென்றது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. யார் எப்போது என்ன முடிவெடுத்தார்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, சொன்னதை எப்படிச் சோதித்தார்கள் என்பதில்தான் மற்றவர்களுக்குப் பயன்படும் விஷயம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தனிமனிதர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

அலாஸ்காவின் வடமுனையில், 71 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி உட்கியாக்விக் என்ற ஊர் இருக்கிறது. 2016 வரை அதற்கு பாரோ என்று பெயர். இனுபியாட் மக்களின் ஊர். அங்கும் சுற்றியுள்ள கடலோர ஊர்களிலும் போஹெட் திமிங்கல வேட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் இந்தத் திமிங்கலங்கள் பெரிங் கடலிலிருந்து வடக்கே கிளம்பி, அந்த ஊரைத் தாண்டி, கிழக்கே போஃபோர்ட் கடலுக்குப் போகும். கரையோடு ஒட்டி உறைந்து நிற்கும் பனிக்கும், அதற்கப்பால் மிதந்து நகரும் பனிக்கும் நடுவே காற்றும் நீரோட்டமும் சேர்ந்து ஒரு நீர்வழியைத் திறந்துவிடும். வேட்டைக் குழுக்கள் கரைப்பனியின் விளிம்பில் முகாம் போட்டு, தாடிச் சீல் என்ற கடல் விலங்கின் தோலைப் போர்த்திய படகோடு காத்திருக்கும். குழுவின் தலைவருக்கு உமியாலிக் என்று பெயர். பிடித்த திமிங்கலத்தை விற்பதில்லை. எந்தக் குழுவுக்கு எந்தப் பகுதி என்று முறை வகுத்துப் பங்கிடுவார்கள். ஜூன் மாதத் திருவிழாவில் ஊர் முழுவதற்கும் பரிமாறுவார்கள்.

திமிங்கல வேட்டை என்றதும் நம்மில் பலருக்கு மனம் ஒப்பாது. அது புரிகிறது. ஆனால் இந்த இனத்தை ஒழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது இந்த ஊர்களின் வேட்டை இல்லை. 1848-இல் முதல் அமெரிக்க வணிகக் கப்பல் பெரிங் நீரிணையைத் தாண்டி வந்தது. அதன் பின் சில பத்தாண்டுகளுக்குள் எண்ணெய்க்காகவும், வாயில் பல்லுக்குப் பதிலாக இருக்கும், பெண்களின் இடுப்புக் கச்சைக்குப் பயன்பட்ட வாய்த்தகடுகளுக்காகவும் ஆயிரக்கணக்கான திமிங்கலங்களைக் கொன்று தீர்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாய்த்தகட்டின் விலை சரிந்த பிறகுதான் அது ஓய்ந்தது. சர்வதேசத் திமிங்கலவேட்டை ஆணையம் உருவானபோது போஹெட்டுக்குப் பாதுகாப்பு இருந்தது. பழங்குடி மக்களின் உணவு வேட்டைக்கு மட்டும் விலக்கும் இருந்தது.

1977: எண்ணிக்கையும் தடையும்

1970-களில் அங்கே இரண்டு மாற்றங்கள் நடந்தன. அலாஸ்காவின் வடகடலோரத்தில் உள்ள ப்ரூடோ வளைகுடாவின் எண்ணெய் வேலைகளால் ஊர்களில் காசு புழங்கத் தொடங்கியது. முன்பு ஒரு வேட்டைக் குழுவைக் கட்டி நடத்தப் பல ஆண்டுச் சேமிப்பு வேண்டும். இப்போது சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினாலே படகும் ஆயுதமும் வாங்கிவிடலாம். குழுக்கள் கூடின. கூடவே, அடிபட்டும் கைக்குக் கிடைக்காமல் போகும் திமிங்கலங்களும் கூடின. 1977 வசந்த வேட்டையில் கரை சேர்த்தவற்றைவிட அடிபட்டுத் தப்பியவை இரண்டு மடங்குக்கும் அதிகம். இது வெளியிலிருந்து வந்த அவதூறு இல்லை. மூத்த வேட்டைக்காரர்களுக்கே இது கவலை தந்த விஷயம்.

இன்னொரு பக்கம், கரைப்பனி மேல் நின்று கடந்துபோகும் திமிங்கலங்களை எண்ணும் வேலையை அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் தொடங்கியிருந்தார்கள். மொத்தம் சில நூறுகளிலிருந்து இரண்டாயிரத்துக்குள் இருக்கலாம் என்பதுதான் அப்போதைய கணிப்பு. வணிக வேட்டைக்கு முன் இருந்ததில் இது மிகச் சிறிய பங்கு. இவ்வளவு சிறிய கூட்டத்தில் கைவைப்பதே ஆபத்து என்று சர்வதேச ஆணையத்தின் அறிவியல் குழு சொன்னது. 1977 ஜூனில் ஆணையம் பழங்குடி விலக்கையே நீக்கிவிட்டது. அதாவது, ஒரு திமிங்கலம்கூடக் கூடாது.

தங்கள் சாப்பாட்டைப் பற்றிய இந்த முடிவு எங்கோ ஒரு கூட்டத்தில் எடுக்கப்பட்டபோது, அதில் வேட்டை ஊர்களுக்குப் பேச இடமே இருக்கவில்லை. நடந்த தவறுகளில் இதுதான் முதலாவது, பெரியதும்கூட என்பது என் கருத்து. எண்ணிக்கை தவறாகப் போவது ஆய்வில் சகஜம். தவறு என்று சொல்லக்கூடிய ஒரே கூட்டத்தை அறைக்கு வெளியே வைத்ததால்தான் அது தடையாக மாறியது.

வேட்டைக்காரர்கள் சொன்னது

செய்தி வந்ததும் ஒன்பது ஊர்களின் வேட்டைத் தலைவர்கள் கூடினார்கள். அதே 1977-இல் அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கலவேட்டை ஆணையத்தை அமைத்தார்கள். சர்வதேச முடிவுக்கு அமெரிக்கா ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும் (தெரிவித்தால் அந்த முடிவு அமெரிக்காவைக் கட்டுப்படுத்தாது) என்று நீதிமன்றத்துக்கும் போனார்கள். கீழ்நீதிமன்றத்தில் கிடைத்த உத்தரவு மேல்முறையீட்டில் நிற்கவில்லை. உலகெங்கும் வணிக வேட்டையை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்த அமெரிக்கா, தன் விஷயத்தில் மட்டும் ஆட்சேபம் சொல்லத் தயங்கியது. டிசம்பரில் டோக்கியோவில் சர்வதேச ஆணையத்தின் சிறப்புக் கூட்டம் நடந்தது. 1978-க்கு, கரை சேர்ப்பது 12 அல்லது ஆயுதத்தால் அடிப்பது 18, இதில் எது முதலில் வருகிறதோ அத்தோடு நிறுத்த வேண்டும் என்று முடிவானது. எல்லா ஊர்களுக்கும் சேர்த்து இவ்வளவுதான்.

இந்தச் சச்சரவின் நடுவே வேட்டைக்காரர்கள் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னார்கள். 'நீங்கள் பார்த்தது நீர்வழியில் போனதை மட்டும்தான். அப்பால் பனிக்கு அடியிலும் போகிறது. நீர்வழி மூடினாலும் திமிங்கலம் நிற்காது.' பனி மெல்லிசாக இருக்கும் இடத்தில் போஹெட் தன் தலையால் முட்டித் தூக்கி, மேடு போல எழுப்பி, விரிசலில் மூச்சு விட்டுக்கொள்ளும். அரை மீட்டர் தடிமனுள்ள பனியைக்கூட உடைக்கும். பனிமேல் நடந்துபோன தலைமுறைகள் அந்த மேடுகளைக் கண்ணால் பார்த்திருந்தன, மூச்சுச் சத்தத்தைக் காதால் கேட்டிருந்தன.

ஆய்வாளர்கள் நினைத்தது வேறு. மூச்சுக்காக மேலே வந்தாக வேண்டிய மிருகம், திறந்த நீரை விட்டு விலகாது. எனவே நீர்வழி திறந்திருக்கும்போது எண்ணினால் போதும். மூடியிருக்கும் நாட்களில் எதுவும் கடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தெருவில் நின்று ஆள் எண்ணி, ஊரின் மக்கள்தொகை இதுதான் என்று எழுதியதைப் போல ஆகிவிட்டது. ஆனாலும் அந்த ஆய்வாளர்களைக் குறை சொல்வது சுலபம், நியாயமில்லை. மற்றத் திமிங்கலங்களைப் பற்றித் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது அபத்தமான ஊகம் இல்லை. சோதிக்காமல் விட்டதுதான் குறை.

எடுத்த முடிவுகள், எடுத்த காரணம்

முதல் முடிவு வேட்டைக்காரர்களுடையது. ஒதுக்கீட்டை மீறி வேட்டையாடிவிடலாம் என்ற கோபக் குரல்கள் ஊரில் இருந்தன. நீண்ட வாக்குவாதத்துக்குப் பின், ஒதுக்கீட்டுக்குள் நின்றுகொண்டே எண்ணிக்கையை எதிர்ப்பது என்ற வழியைத் தேர்ந்தார்கள். 1981-இல் அமெரிக்க அரசின் கடல்வள நிர்வாகத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி வேட்டையைக் கண்காணிப்பது, அறிக்கை தருவது, மீறினால் தண்டிப்பது எல்லாம் வேட்டைத் தலைவர்களின் ஆணையத்தின் பொறுப்பு. வீணாகும் அடிகளைக் குறைப்பதையும் தாங்களே கையில் எடுத்தார்கள். பின்னாளில் பழைய கரும்பொடி வெடிகளுக்குப் பதிலாக நார்வேக்காரர்களின் உதவியோடு பென்த்ரைட் என்ற வலுவான வெடிபொருளைக் கொண்ட வெடிமுனைகள் வந்தன. அடித்ததில் பாதியோ அதற்கும் மேலோ தப்பிய நிலை மாறி, நான்கில் மூன்று பங்கு கரை சேரும் நிலைக்கு வந்தது. வேட்டைக்காரர்கள் தங்கள் பக்கத்துக் குறையைத் தாங்களே சரிசெய்ததால்தான் எண்ணிக்கை பற்றி அவர்கள் சொன்னதற்கு எடை கூடியது.

இரண்டாவது முடிவு உள்ளாட்சியுடையது. 1972-இல் அமைந்த நார்த் ஸ்லோப் பரோ (ஊரின் பழைய பெயரான பாரோ வேறு, இது அந்த வட்டாரத்தின் உள்ளாட்சி அமைப்பு), ப்ரூடோ வளைகுடாவின் எண்ணெய்க் கட்டுமானங்கள் மீது சொத்துவரி வாங்கியது. அந்தப் பணத்தில் தனக்கென ஒரு வனவிலங்கு ஆய்வுத் துறையை நடத்தியது. கணக்கெடுப்புப் பொறுப்பையும் 1980-களின் தொடக்கத்தில் தானே ஏற்றது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். உலகில் எத்தனையோ சமூகங்கள் 'உங்கள் கணக்கு தப்பு' என்று சொல்லியிருக்கின்றன. அதை நிரூபிக்கப் பல ஆண்டுகள் ஆள் வைத்து, கருவி வாங்கி, வெளிப் பல்கலைக்கழகங்களை வேலைக்கு அமர்த்தும் வசதி எத்தனை பேருக்கு இருந்தது? இங்கே ஆய்வாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தது அந்த மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகம். கேள்வியை முன்வைக்கும் உரிமையும் அதனால்தான் அவர்களிடம் வந்தது.

மூன்றாவது முடிவு ஒரு ஆய்வாளருடையது. கால்நடை மருத்துவரான அவர் திமிங்கல உடலமைப்பை ஆராய வந்தவர், பிறகு பரோவின் ஆய்வுப் பணிகளுக்குப் பொறுப்பேற்றார். ஊரின் மதிப்புக்குரிய மூத்த வேட்டைத் தலைவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டார். அந்த மூத்தவர் பல ஆண்டுகள் உள்ளூர் ஆய்வுக்கூடத்திலும் வேலை பார்த்தவர், விஞ்ஞானிகளின் போக்கு அவருக்கும் தெரியும். அவர் சொன்னதை ஆய்வாளர் அப்படியே உண்மை என்று எழுதிவிடவும் இல்லை, கதை என்று ஒதுக்கவும் இல்லை. சோதிக்கக்கூடிய கூற்றுகளாகப் பிரித்துக்கொண்டார்: நீர்வழி மூடியபோதும் திமிங்கலங்கள் கடக்கின்றன, அகன்ற பரப்பில் பரவிப் போகின்றன, தடித்த பனியிலும் மூச்சு விடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை வேண்டும். அடுத்த பல ஆண்டு வேலையும் இந்தப் பிரிப்பிலிருந்தே வந்தது.

பனிமேல் நடந்த வேலை

கரைப்பனியின் விளிம்பருகே, பனிப்பாளங்கள் மோதி உயர்ந்த மேடு ஒன்றைத் தேர்ந்து அதன் மேல் பார்வை மேடை அமைப்பார்கள். எந்த மேடு நிலையாக நிற்கும், எங்கே பனி பிளந்து கடலுக்குள் போய்விடும் என்று சொல்வது உள்ளூர் வேட்டைக்காரர்களின் பொறுப்பு. அவர்களுக்கும் கடல் சில சமயம் ஏமாற்றம் தரும். 1997 மே மாதத்தில் கரைப்பனி பிளந்து, நூறு பேருக்கும் மேல் மிதக்கும் பாளத்தோடு கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஹெலிகாப்டர்கள் போய் மீட்டன. வேட்டைக்காரரின் துணையில்லாமல் ஆய்வாளர்கள் அந்தப் பனிமேல் ஒரு வாரம் நின்றிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

மேடையில் முறைவைத்து நின்று, இரவிலும் வெளிச்சம் இருக்கும் பருவமாதலால் நாள் முழுவதும் நீர்வழியைப் பார்ப்பார்கள். திமிங்கலம் ஊதியதும் கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டைத் திருப்பிக் கோணம் எடுத்து, அது எவ்வளவு தொலைவில் போகிறது என்று குறிப்பார்கள். அப்புறம், சற்றுத் தள்ளி இன்னொரு மேடை. முதல் மேடைக்காரர்கள் என்ன பார்த்தார்கள் என்று இவர்களுக்குத் தெரியாது. இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால், ஒரு மேடையின் கண்ணுக்குத் தப்பும் திமிங்கலங்கள் எத்தனை பங்கு என்று தெரிந்துவிடும்.

பனிக்கு அடியில் போவதைக் கண் பார்க்காது. அதற்குக் காது வேண்டும். தாடிச் சீலின் குரலைக் கேட்க, துடுப்பை நீரில் நிறுத்திப் பிடியைக் காதோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த மக்களுக்கு முன்பிருந்தே உண்டு. 1984 முதல் பனி விளிம்பை ஒட்டிச் சில ஹைட்ரோஃபோன்களை, அதாவது நீரடி ஒலிவாங்கிகளை, இடைவெளி விட்டு நீரில் இறக்கினார்கள். போஹெட் ஓயாமல் முனகும், பாடும். ஒரே குரல் ஒவ்வொரு கருவியையும் சற்று முன்பின்னாக வந்தடையும். அந்த நேர வித்தியாசத்தை வைத்து, குரல் எழுந்த இடத்தைக் கணக்கிடலாம். அடுத்தடுத்த குரல்களை, ஒரு திமிங்கலம் நீந்தக்கூடிய வேகத்துக்குள் கோத்துப் பார்த்தால் அது போன பாதை கிடைக்கும்.

இரண்டையும் இணைத்த விதம் எளிமையானது. மேடையிலிருந்து நம்பிக்கையாகப் பார்க்கக்கூடியது 4 கிலோமீட்டர் வரைதான். அதற்குள் கடந்தவற்றின் எண்ணிக்கையைக் கண் தரும், தப்பியவற்றுக்கான திருத்தத்தோடு. மொத்தத்தில் எத்தனை பங்கு அந்த 4 கிலோமீட்டருக்குள் போகிறது என்பதைக் காது தரும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மொத்தம் வந்துவிடும். பாதிதான் உள்ளே போகிறது என்றால், பார்த்ததை இரட்டிக்க வேண்டும். விமானத்திலிருந்து பார்த்ததிலும், திமிங்கலங்கள் விளிம்பிலிருந்து வெகுதூரம் பரவிப் போவது உறுதியானது.

தெரியவந்தது

நீர்வழி மூடி, மேடையிலிருந்து ஒன்றும் தெரியாத நேரங்களிலும் ஹைட்ரோஃபோனில் குரல்கள் வந்துகொண்டே இருந்தன. திமிங்கலங்கள் நிற்காமல் கடந்துகொண்டிருந்தன. பார்த்தவற்றைவிடக் கேட்டவை மிக அதிகம். அந்த மூத்தவர் சொன்னது சரி.

புதிய முறையில் எண்ணிக்கை படிப்படியாக ஏறியது. 1985-இன் கணக்கு நான்காயிரத்தைத் தாண்டியது. 1993-இல் ஏறத்தாழ 8,000. 2001-இல் சுமார் 10,500. 2011-இல் ஏறத்தாழ 16,900. இந்த ஏற்றம் முழுவதும் 'முன்பு விட்டதை இப்போது எண்ணியது' அல்ல. ஒரு பகுதி முறையின் திருத்தம், இன்னொரு பகுதி உண்மையான பெருக்கம். 1978 முதல் 2001 வரை ஆண்டுக்கு 3.4 சதவீதம் வளர்ந்திருக்கிறது என்று கணித்தார்கள். இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1977-இல் இருந்தது பதினாறாயிரம் என்று யாரும் சொல்லவில்லை. அன்றைய கணிப்பைவிடக் கணிசமாக அதிகம் இருந்தது, வேட்டை நடந்துகொண்டிருந்தபோதே அது மேலும் பெருகியது என்பதுதான் செய்தி.

ஊர்க்காரர்களின் வேறு கூற்றுகளும் ஒவ்வொன்றாகச் சோதனைக்கு வந்தன. போஹெட் இரண்டு மனித ஆயுள் வாழும் என்பார்கள். பிடிபட்ட திமிங்கலங்கள் சிலவற்றின் கொழுப்புக்குள் பழங்காலக் கல்முனைகள் புதைந்திருந்தன. கண்வில்லையின் புரதத்தை ஆராய்ந்து 1999-இல் வெளியான ஆய்வு, சில திமிங்கலங்கள் நூறு வயதைத் தாண்டியவை என்றது, ஒன்றுக்கு 211 வயது இருக்கலாம் என்றது. முகாமில் புகை எழுந்தால் திமிங்கலம் விலகிவிடும், அதற்கு மோப்பம் உண்டு என்பார்கள். மூளையை அறுத்துப் பார்த்தபோது மோப்பத்துக்கான பகுதி நன்றாகவே வளர்ந்திருந்தது.

பின்விளைவுகள்

ஒதுக்கீடு ஏறியது. 1998 முதல் 2002 வரையிலான ஐந்தாண்டுக்கு, ரஷ்யாவின் சுக்கோட்கா மக்களின் பங்கையும் சேர்த்து, 280 திமிங்கலங்கள். சர்வதேச அறிவியல் குழுவே இந்தக் கணக்கெடுப்பை ஏற்றுக்கொண்டது.

ஆனால் நல்ல எண் இருந்தால் மட்டும் போதாது என்பதும் தெரிந்தது. 2002 மே மாதம் ஜப்பானின் ஷிமோனோசெகியில் நடந்த சர்வதேச ஆணையக் கூட்டத்தில், வணிக வேட்டை பற்றிய வேறொரு சண்டையின் பகுதியாக ஜப்பானும் அதன் பக்க நாடுகளும் அடுத்த ஐந்தாண்டுக்கான ஒதுக்கீட்டைத் தடுத்துவிட்டன. அறிவியலில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஊர்கள் பணயமாகப் பிடிக்கப்பட்டன, அவ்வளவுதான். அக்டோபரில் சிறப்புக் கூட்டம் போட்டுத்தான் அது தீர்ந்தது. 2018-இல் பிரேசிலில் நடந்த கூட்டத்தில், அறிவியல் நிபந்தனைகள் சரியாக இருந்தால் ஒதுக்கீடு தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற ஏற்பாடு வந்தது. 2019 முதல் 2025 வரைக்கு 392 திமிங்கலங்கள் என்று முடிவானது. 1977-இல் வேட்டை ஊர்கள் கேட்ட பாதுகாப்புக்கு அருகில் வர நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

எதை மாற்றியிருக்க வேண்டும்

தடைக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. கணக்கெடுப்பைத் திட்டமிட்ட நாளிலேயே வேட்டைத் தலைவர்களோடு உட்கார்ந்திருந்தால், நீர்வழி பற்றிய ஊகம் எழுதப்படும் முன்பே கேள்விக்கு உள்ளாகியிருக்கும்.

இரண்டாவது, யாருடைய அறிவு என்று பதிவதில். கருதுகோள் மூத்தவருடையது. ஆனால் பல ஆண்டுகள் அறிவியல் கட்டுரைகளில் அது பொதுவாக 'வேட்டைக்காரர்களின் தகவல்' என்ற அளவில் நின்றது. நன்றி சொல்வது வேறு, ஆசிரியராகச் சேர்ப்பது வேறு. இன்று அலாஸ்காவில் ஆய்வுக்குப் போகிறவர்கள் இதைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்வது நல்லது.

மூன்றாவது, கூற்று பொய்த்துப் போனால் என்ன செய்வது என்ற கேள்வி. இந்த நிகழ்வில் ஊர்க்காரர்களின் முக்கியக் கூற்றுகள் சரியாக அமைந்தன. எல்லா இடத்திலும் அப்படி அமையாது. அப்போதும் உறவு முறியாமல் இருக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

அதற்கான சோதனை ஏற்கெனவே வந்துவிட்டது. 2019 கணக்கெடுப்பின்போது பனி வழக்கம்போல் இல்லை. நீர்வழி மிக அகலமாக இருந்ததால் குழுக்கள் எஞ்சின் படகுகளோடு போயின. பனியிலிருந்து எடுத்த எண் 2011-ஐவிடக் குறைவாக வந்தது. அதே ஆண்டு விமானத்திலிருந்து எடுத்த கணக்கு 17,000-ஐ ஒட்டியிருந்தது. படகுச் சத்தம் திமிங்கலங்களை மேடைக்கு எட்டாத தூரத்துக்கு விலக்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள். இந்த விளக்கம் வேட்டைக்காரர்களின் நடத்தையைத் தொடுவது. 1977-ஆக இருந்தால் பெரிய சண்டையாகியிருக்கும். கரைப்பனி மெலிந்து, மேடை போடும் அளவுக்கு உறுதியான மேடுகள் குறைந்துவரும் நிலையில், விமானக் கணக்கெடுப்பு பனிமேல் எண்ணுவதன் இடத்தைப் பிடிக்கக்கூடும். பனியில் நின்று எண்ணியபோது வேட்டைக்காரர் இல்லாமல் வேலையே நடக்காது. விமானத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. விமானப் பாதையை வகுக்கும் மேசையில் வேட்டைத் தலைவர்களுக்கு நாற்காலி வேண்டும் என்பதை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.